மஞ்சள் கேட்

மேட்டுத் தெருவின் பாதியில் இருக்கும் மஞ்சள் கேட்டை நெருங்கும்போதெல்லாம் மருமகளின் சைக்கிளில் செயின் கழன்றுவிடுகிறது. வீட்டில் அவள் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் கழல்வது அவளுடைய மூச்சு. காலை வெயிலில் தார் ரோடு மினுமினுக்கிறது, மாடிகளில் காயும் துணிகள் படபடக்கின்றன, எதிரே நாலைந்து சைக்கிள்கள் சர்ரென்று இறங்கிப் போகின்றன. தொங்கிய தலையை நிமிர்த்துகிறாள். மஞ்சள் கேட்டருகே மாமியார் நிற்கிறார். ஒரு கையில் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி, மறு கையில் பழைய துணி, அவசரத்தில் மாட்டி வந்த மாமனாரின் செருப்பு.

“நிறுத்தும்மா! இன்னிக்கு அந்தச் செயினை ஒரு கை பார்த்துடலாம்.”

நிறுத்தினால் குட்டு உடைந்துவிடும். சீட்டை விட்டு எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறாள். தொடை எரிகிறது, காது அடைக்கிறது, மஞ்சள் கேட் மெல்லப் பின்னால் நகர்கிறது.

“ஏய், எங்க போற?”

“கழலல அத்தை! இன்னும் கழலவே இல்ல!”

மேடு தணியும் வளைவில் காலூன்றித் திரும்பிப் பார்க்கிறாள். மாமியார் விழுந்து விழுந்து சிரிக்கிறார். மூடியில்லாத குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுகிறார். ஒரு சொட்டுகூட விழவில்லை.