ஒழுகாத அறை

அந்தப் பொது நூலகத்தில் புத்தகம் அடுக்குவது அணிலின் வேலை. மழையில் கூரை ஒழுகத் தொடங்கியதும் அது தலைமை நூலகரான மயிலிடம் ஓடியது.

"ஐயா, வரலாற்று அலமாரி முழுக்க நனைகிறது!"

மயில் உடனே கூட்டம் கூட்டி இரண்டு மணி நேரம் பேசியது. ஊழியர்களுக்கு உற்சாகம் குறைந்ததால்தான் கூரை ஒழுகுவதுபோல் தெரிகிறது என்று கண்டுபிடித்து, எல்லோருக்கும் முகமலர்ச்சிப் பயிற்சி அறிவித்தது.

"அப்போ கூரை?" என்றது அணில்.

"எதிலும் குறை பார்க்காதே. முதலில் சிரி."

அணில் சிரித்தது. சிரித்த முகத்தோடே நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய், ஒழுகாத ஒரே இடமான மயிலின் அறையில், மேசை நாற்காலி தரையெங்கும் விரித்துக் காயவைத்தது.

மயில் வாசலிலேயே திகைத்து நின்றது. "நான் எங்கே உட்காருவது?"

"உட்காருவானேன் ஐயா? வெளியே நல்ல மழை. தோகை விரித்து ஆடுங்கள்" என்றது அணில், மிகப் பணிவாக.