சேர்த்துக் கட்டிய பக்கம்

"அகலப்படுத்தின பாலம்னா லேசா விரிசல் இருக்கத்தான் செய்யும் மேடம். நீங்க கையெழுத்தைப் போட்டா பஸ்ஸெல்லாம் அது பாட்டுக்குப் போகும்," என்றார் உதவிப் பொறியாளர்.

ஆய்வுக்கு வந்தவளோ சுத்தியலும் கையுமாகப் பாலத்தின் அடியில் தட்டிக்கொண்டே நடந்தாள். தேங்காய் வாங்க வந்தவள் மாதிரி தட்டுகிறாளே என்று அவருக்கு எரிச்சல்.

பழைய பாலம் கணீரென்றது. பிறகு சேர்த்துக் கட்டிய பக்கத்தில் தட்டியதும் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி பல்லை இளித்தது.

"இதைக் கட்டின மகானுபாவர் யாரு சார்? பழசும் புதுசும் சேர்ற இடத்துல தண்ணி இறங்கும்னுகூடத் தெரியலையே! இனிமே ஒரு பஸ் போகக் கூடாது."

"மெதுவாப் பேசுங்க! கட்டினது எங்க பழைய தலைமைப் பொறியாளர். ரிட்டயர் ஆனாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னா உங்க வேலைக்கே வேட்டு."

"சொல்லட்டுமே. என் மாமனார்தானே!"

உதவிப் பொறியாளர் சட்டென்று குரலைக் குழைத்தார். "அப்போ... அவர் திறமை உங்களுக்கே தெரியுமே மேடம்?"

"தெரியாம என்ன? எங்க கல்யாணத்துக்குப் பழைய வீட்டோட ஒரு ரூமை இப்படித்தான் ஒட்ட வெச்சார். மழை வந்தா சுவரோரம் பக்கெட்டை வெச்சுட்டுத்தான் படுக்கறோம்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். இரும்பு மாதிரி நிக்கும்னு அடிச்சுச் சொல்றார்," என்றபடி பாதையை அடைக்கக் கயிற்றை அவரிடம் நீட்டினாள். "ஆனா, மனுஷன் இன்னிக்கு வரைக்கும் அந்த ரூமுக்குள்ள கால் வெச்சதில்ல!"