கொம்பும் காலும்

குழந்தைக்குப் பேர் வைப்பதில் கணவனும் மனைவியும் ஒரு வாரமாக மல்லுக்கட்டினார்கள். இருவருமே புரோகிராமர்கள். அதனால் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே ஃபைலின் தனித்தனிப் பிரதியில் பேரை எழுதி, கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்ப்பதென்று முடிவானது. ஒரே பேர் என்றால் சத்தமில்லாமல் இணையும். வேறு வேறு என்றால் 'முரண்பாடு' என்று நின்றுவிடும்.

நின்றுவிட்டது.

அவன் அடுத்த சண்டைக்குத் தயாரானான். அவளோ ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"எனக்காக விட்டுக்கொடுத்துட்டீங்களா! நான் நீங்க சொன்ன பேரைத்தான் எழுதினேன். அப்போ நீங்க நான் கேட்ட பேரை எழுதியிருக்கீங்க!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபைலைத் திறந்தார்கள். இரண்டு வரியிலும் அவன் சொன்ன பேரேதான்!

"கீபோர்டு பண்ண வேலை," என்று அசடு வழிந்தான். "பேர்ல வர்ற 'மொ'வுல உன்னோடது கொம்பையும் காலையும் ஒரே குறியா அடிச்சிருக்கு, என்னோடது தனித்தனியா. கண்ணுக்கு ஒண்ணு, மெஷினுக்கு ரெண்டு."

"ஓகோ! விட்டுக்கொடுத்தது கீபோர்டுதானா?" அவள் முகம் தொங்கிப்போனது.

அவன் அவசரமாகத் தன் வரியை அழித்து, அவள் ஆசைப்பட்ட பேரை அடித்தான். மறுபடியும் இணைத்தார்கள்.

முரண்பாடு! இந்தத் தடவை நிஜமாகவே.

இருவரும் சிரித்த சிரிப்பில், இன்னும் பேரில்லாத குழந்தை விழித்துக்கொண்டது.