ஆன் ஆகாத ராஜினாமா

அப்பா வேலையை விடுவதற்காக எங்கள் வீடே சேர்ந்து கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆன் ஆனதும் முதல் காரியம் ராஜினாமா. ரெண்டே வரி. அதை அனுப்பாம நான் குளிக்கக்கூட மாட்டேன்!" என்று அப்பா கத்தினார்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. முந்தின நாள், வெள்ளிக்கிழமை, வீடியோ மீட்டிங்கில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புது மேனேஜர், "யாராவது அந்தப் பெரியவரை மியூட் பண்ணுங்களேன்" என்று சொல்லிவிட்டான். அப்பா வயதில் பாதிகூட இருக்காது அவனுக்கு. மொத்த ஆபீசும் சிரித்ததாம்.

கோபம் நியாயம்தான். ஆனால் நான் இப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் காலேஜ் சேரக் காத்திருக்கிறேன். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவர். அம்மா என்னடாவென்றால் நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ தடுக்கக்கூடாதா?"

"அவர் வேலை, அவர் விடுறார். நீ போய் அந்தப் பட்டனை அமுக்கிப் பாரு."

எங்கள் கம்ப்யூட்டருக்குத் தனிப் பெட்டி கிடையாது. திரைக்குள்ளேயே எல்லாம் அடக்கம். ஆன் பட்டன் பின்பக்கம், ஓரத்தில். அதை அமுக்க வேண்டுமென்றால் திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கையை வளைக்க வேண்டும். நான் கட்டிப்பிடித்தேன். சித்தப்பா கட்டிப்பிடித்தார். அது மசியவில்லை.

சித்தப்பா பக்கத்துத் தெரு. ஸ்க்ரூ டிரைவரோடு வந்திருந்தார். எந்த மெஷினையும் திறக்கத் தெரிந்தவர். மூடத்தான் தெரியாது.

"அண்ணே, பிளக்கைப் பிடுங்கிட்டு பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். உள்ளே தங்கியிருக்கிற கரண்ட் எல்லாம் வடிஞ்சிடும். அப்புறம் போட்டா குதிச்சிக்கிட்டு வரும்."

வடித்தோம். குதிக்கவில்லை.

அதற்குள் அப்பா நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தார். "'பெரியவரை மியூட் பண்ணச் சொன்னீங்க. நானே பண்ணிக்கிட்டேன். வணக்கம்.' எப்படி?"

"சூப்பர்ண்ணே!" சித்தப்பா கைதட்டினார்.

மேசைக்கு அடியில் அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இதுவரைக்கும் கரண்ட் வருது. அப்போ கோளாறு இதுக்கு மேலதான்" என்று சித்தப்பா திரைக்குப் பின்னால் கையை நீட்டினார்.

"டேய், பின்னாடி கை வைக்காதே! ஷாக் அடிச்சுத் தொலைக்கும்!" அப்பா பாய்ந்து வந்தார்.

"தம்பி, டீ ஆறுது" என்றாள் அம்மா. சித்தப்பா டீக்குப் போனார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பா, ரெண்டு வரிதானே? என் போன்லயே அனுப்பிடுங்க."

"ராஜினாமாவைப் போன்லயா? அதுக்குன்னு ஒரு மரியாதை வேணாம்?"

"அண்ணே, என் லேப்டாப் வண்டியிலதான் இருக்கு."

"அடுத்தவன் மெஷின்ல என் பாஸ்வேர்டைப் போடவா? இத்தனை வருஷ சர்வீஸ்டா! போனா என் மெஷின்லேர்ந்துதான் போவேன்!"

சித்தப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அப்பா அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "திறந்தா வாரண்டி போயிடும்."

"வேலையே போகப் போகுது. வாரண்டி போனா என்ன?" என்றேன்.

முறைத்தார்.

"வெந்நீர் ஆறுது. குளிச்சிட்டு வந்து மிச்சக் கோபத்தைக் காட்டுங்க" என்றாள் அம்மா.

அனுப்பாமல் குளிக்க மாட்டேன் என்றவர், துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் குளியலறைக் கதவைச் சாத்தியதும் நான் திரையை அப்படியே திருப்பினேன். அடாப்டர் ஒயரின் முனை, சொருக வேண்டிய இடத்தில் இல்லை. தானாக நழுவியிருந்தால் தொங்கிக்கொண்டிருக்கும். இது அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்டாண்டுக்குப் பின்னால் செருகி வைக்கப்பட்டிருந்தது.

அந்த வெங்காய நிம்மதிக்கு அர்த்தம் இதுதானா! அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, நீதானே கழட்டி வச்சே? அப்பா வேலையை விட்டுடக்கூடாதுன்னுதானே? கில்லாடிம்மா நீ!"

"மெதுவா." எட்டிப் பார்த்த சித்தப்பா கையில் இன்னொரு டம்ளர் டீயைக் கொடுத்து வாசலுக்கு அனுப்பிவிட்டு வந்தாள். "நான் எங்கேடி கழட்டினேன்? இந்த வீட்ல ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுற ஆள் யாரு?"

சார்ஜர், ஹெட்போன், இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றையும் அப்படிக் கட்டி வைப்பவர் ஒரே ஒருவர்தான். இப்போது குளித்துக்கொண்டிருக்கிறார்.

"போன மேனேஜர் திட்டினப்போ மோடம் கெட்டுப்போச்சு. அதுக்கு முந்தினவர் காலத்துல பிரிண்டர்" என்றாள் அம்மா. "திங்கக்கிழமை காலையில தானா சரியாயிடும்."

"அப்போ சித்தப்பா?"

"நான்தான் வரச் சொன்னேன். கத்துறதைக் கேட்க ஆள் வேணும்ல?"

"இது அநியாயம்மா. காலையிலேர்ந்து நாங்க முட்டாள் மாதிரி அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டிருக்கோம். வரட்டும், நேராவே கேட்கிறேன்."

"தாராளமா கேளு. கேட்டா நிஜமாவே அனுப்பிடுவார்."

குளியலறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்னடி, ஏதாவது தெரிஞ்சுதா?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொய் சரளமாக வராது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஒண்ணும் தெரியலப்பா! பெரிய கோளாறு போல! திங்கக்கிழமை வரைக்கும் தேறாது!"

"ச்சே! தப்பிச்சான் அந்த மேனேஜர்!" என்றவர், தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.