நாலு புது இலை

சிந்தசைசர் என்ற புது மின்னிசைக் கருவியோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி, வீட்டுச் செடிகள் கேட்டு வளர்வதற்கென்றே அவன் இசையமைத்தான். இசைத்தட்டின் உறையில் அக்கா புருஷன் பெயர் வந்தது.

"அத்தான், இது என் இசை."

"உன் மூஞ்சியப் போட்டா எவன் வாங்குவான் மச்சான்? போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்து."

அவன் மறுநாளே புதுச் செடி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான்.

பத்து நாள் கழித்து நிருபர்கள் வந்தார்கள். அத்தான் சோபாவில் சாய்ந்தபடியே செடியைக் கைகாட்டினார்.

"என் இசையக் கேட்டு நாலு புது இலை விட்டிருக்கு, எழுதிக்கோங்க!"

அவன் ஈரத்துணியோடு வந்து இலைகளைத் துடைத்தான்.

"தண்ணி ஊத்தலையா தம்பி?" என்றார் ஒரு நிருபர்.

"பிளாஸ்டிக் செடிக்கு எதுக்குங்க தண்ணி? தூசி துடைச்சாப் போதும்."