உப்புப் பூத்த கடுகு

மறுபடியும் சாம்பார்க் கறை.

அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விளிம்பில் மஞ்சள் வளையம். நடுவில் ஒரு கறிவேப்பிலை அசையாமல் ஒட்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஓடி முடித்த டிஷ்வாஷர், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

நான்கு நாளாக இதே கதை.

எட்டு மாதம் ஒழுங்காகக் கழுவிய மிஷின். அத்தை தாராபுரத்திலுள்ள மகள் வீட்டுக்குப் போன மறுநாளே படுத்துக்கொண்டது. மாமியார் இல்லாத வீட்டில் மிஷினுக்குக்கூடப் பயம் விட்டுப்போய்விட்டது என்று கணவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சோப்புத் தண்ணீர் அவள் விரலுக்கு ஆகாது. இரண்டு நாள் பாத்திரம் தேய்த்தால் நுனி வெடித்துவிடும். கையுறை போட்டால் உள்ளே வேர்த்துப் புண்ணாகும். வெடித்த விரலில் பட்டு நூல் மாட்டும். பட்டு மாட்டினால் ரவிக்கைக்கு அவள் போடும் ஆரிப் பூத்தையல் அவ்வளவுதான்.

அதற்காகத்தான் மிஷினே வந்தது. வாங்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது அத்தை.

கூடத்தில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய கல்யாண ரவிக்கை பாதி மயிலோடு காத்திருந்தது. புதன்கிழமை கொடுத்தாக வேண்டும்.

சர்வீஸ்காரர் அடுத்த வாரம் என்றார். கணவன் ஒரு நாள் பாத்திரம் கழுவிப் பார்த்தான். மறுநாள் காபியில் சோப்பு மணத்தது. "இது தேறாது. யாருக்காச்சும் குடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

தேறாதா, பார்த்துவிடலாம்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

முதலில் அடியில் இருக்கும் வடிகட்டி. இரண்டு சோற்றுப் பருக்கை. வேறொன்றுமில்லை. சோப்பு வில்லை முழுதாகக் கரைந்திருந்தது. தண்ணீர் சூடாகத்தான் வந்திருந்தது. பின்னால் போகும் குழாயில் மடிப்பு இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தப்பான தையலைத் தேடிப் பிரிப்பது அவளுக்குப் புதிதா என்ன.

கடைசியில், தட்டுகளுக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றும் அந்த நீளக் கை. திருகிக் கழற்றினாள். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

ஒரு துளையிலும் வெளிச்சம் வரவில்லை.

கடுகு.

வடிகட்டியைத் தாண்டி எப்படிப் போனதோ, துளைக்கு ஒன்றாக அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மிஷினைச் செய்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். தாளிப்பு மட்டும் தெரிந்திருக்காது.

பல் குத்தும் குச்சி உடைந்தது. குண்டூசி வழுக்கியது.

எழுந்துபோய் ஆரி ஊசியை எடுத்து வந்தாள். நுனியில் கொக்கி வைத்த ஊசி. பட்டுத் துணியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. ஒரு நிமிடம் மனசு கேட்கவில்லை.

பிறகு துளைக்குள் விட்டாள்.

முதல் கடுகு கொக்கியில் மாட்டி வெளியே வந்து எங்கோ தெறித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தது. அடுத்தது. தைக்கிற அதே கை, அதே வேகம்.

பதினோராவது அவள் உள்ளங்கையில் விழுந்தது.

கறுப்பாக இல்லை. வெள்ளையாக இருந்தது.

தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கிப் பார்த்தாள். எல்லாமே வெள்ளை. போர்த் தண்ணீரின் உப்புப் பூத்து, கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

குளியலறைக் குழாயில் இப்படிப் படிய ஆறு மாதம் ஆயிற்று.

நான்கு நாளில் இது ஆகாது.

அப்படியென்றால் இந்த மிஷின் மாதக்கணக்கில் எதையும் ஒழுங்காகக் கழுவியிருக்க முடியாது.

ஆனால் இரவு ஓட விட்டுப் படுத்து, காலையில் அவள் எழுந்து வரும்போது பாத்திரங்கள் அலமாரியில் பளபளத்தன. அத்தை ஊருக்குப் போகும்வரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எடுத்து அடுக்குவது அத்தை. ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். 'அடுக்கறதெல்லாம் என்ர வேலை, நீ கைய வெக்காத கண்ணு' என்று மிஷின் வந்த அன்றே சொல்லிவிட்டார்.

அழுகை வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மீதிக் கடுகையும் எடுத்தாள். ஒன்றையும் விடவில்லை.

அன்று சாயங்காலம் மிஷின் வேறு சத்தத்தோடு ஓடியது. வெளியே எடுத்த தட்டில் அவள் முகம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அத்தை ஊரிலிருந்து வந்தார். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் சட்டத்தின் மேல் குனிந்தார். மயில் முடிந்திருந்தது.

தோகையை ஆசையாகத் தடவினார்.

விரல் நகரவில்லை. பட்டு மாட்டிக்கொண்டது.

அத்தை பதறிப்போய் நின்றார். அவள் ஊசி நுனியால் இழையை மெல்ல விடுவித்தாள். விரலை விடவில்லை. நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"நாளைல இருந்து ஏழு மணிக்கு எந்திரிச்சாப் போதுமுங்க அத்தை."

அத்தை சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

பிறகு இன்னொரு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.