பிடித்துக்கொள்ளும் கைகள்

இரட்டை ஷிப்ட் முடித்த கையோடு நர்சுகளைப் பயிற்சி அரங்குக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடிப் பின்னால் சாய வேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இது நம்பிக்கையை வளர்க்கும் விளையாட்டு என்றார் பயிற்சியாளர். யாரும் அசையவில்லை. சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாமே என்று ஜெசிந்தாதான் எழுந்து போய்ச் சாய்ந்தாள். நோயாளிகளைத் தூக்கிப் பழகிய ஆறு கைகள் அவளை அலுங்காமல் ஏந்தின. அவற்றில் ஒன்று பழக்கதோஷத்தில் அவளுடைய நாடியைத் தேடியது. இப்படி யாராவது தாங்கி எத்தனை வருஷமாயிற்று என்று யோசிப்பதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிட்டது.

“சிஸ்டர், முடிஞ்சிருச்சு. எந்திரிங்க.”

“சத்தம் போடாதீங்க சார்,” என்றாள் தலைப்பக்கம் தாங்கியிருந்த பொற்கொடி. “தூங்கிட்டா.”

பயிற்சியாளர் குரலைத் தாழ்த்தினார். “சரி, அடுத்து யாரு?”

முதலில் சுற்றி நின்றவர்களின் கைகள் உயர்ந்தன. பிறகு ஜெசிந்தாவுக்கு அடியிலிருந்த கைகளும் ஒவ்வொன்றாக உயரத் தொடங்கின.